படகில் ஷவர் சொட்டுகிறதா? திருகாணியைத் தொடும் முன் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள்

லாசரஸ் தீவுக்கு அருகே படகு நங்கூரமிட்டு நிற்கிறது. காலையிலிருந்து கடலில் ஒரே ஆட்டம். உடம்பெல்லாம் உப்பு. படகின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஷவரைத் திறக்கிறீர்கள். தண்ணீர் வருகிறது, ஆனால் தலைமுடியைக்கூட நனைக்கவில்லை.

"டேய், தண்ணியே வரலடா!"

"பம்புல ஒரு ஸ்குரூ இருக்கு. அதைக் கொஞ்சம் டைட் பண்ணினா பிரஷர் ஏறிடும். நான் வீடியோவுல பார்த்திருக்கேன்."

இப்படிச் சொல்ல எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. பெரும்பாலான படகுப் பம்புகளில் அந்தத் திருகாணி இருக்கிறது. அதைத் திருப்பினால் அழுத்தமும் மாறும். ஆனால் ஷவரில் தண்ணீர் குறைவதற்குக் காரணம் அழுத்தம்தானா? பல நேரங்களில் இல்லை. காரணம் தெரியாமல் திருப்பினால், ஷவர் சரியாகாமல் போவதோடு குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, இருக்கிற நல்ல தண்ணீர் முழுவதும் படகின் அடியில் கொட்டிவிடவும் வாய்ப்புண்டு.

அப்படியென்றால் என்ன செய்வது? ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக் குழாய்க்கும் படகுக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் இருந்தால், குழாயைத் திறக்கும்போது எந்தச் சத்தமும் கேட்காது. தண்ணீர் மேலிருந்து இறங்கி வருவதுதான் காரணம். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், தன் எடையாலேயே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். கூரையில் இருக்கும் தொட்டி உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் மேலே இருந்தால், அழுத்தம் ஏறக்குறைய 2 பார். தொட்டிக்கு மிக அருகில், மேல்மாடியில் இருப்பவர்களுக்கு அந்த உயரம் கிடைக்காது. அதனால்தான் அவர்களுக்குத் தனியாகப் பம்பு வைக்கிறார்கள்.

படகில் இதெல்லாம் தலைகீழ். தண்ணீர்த் தொட்டி கனமானது; 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதை மேலே வைத்தால் படகு தள்ளாடும். எனவே தொட்டியை முடிந்த அளவு கீழேயே வைப்பார்கள். குழாயோ தொட்டியைவிட மேலே இருக்கும். தண்ணீர் தானாக மேலே ஏறாது அல்லவா? அதைத் தள்ளிவிட ஒரு பம்பு வேண்டும். சிறிய, நடுத்தரப் படகுகளில் அது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் டயஃப்ரம் பம்பு. உள்ளே இருக்கும் ரப்பர் தகடு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளும். இதயம் துடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பம்பை யார் ஆன், ஆஃப் செய்கிறார்கள்?

யாரும் இல்லை. பம்பின் தலையில் ஒரு சின்ன அழுத்தச் சுவிட்ச் இருக்கிறது. அது குழாயிலுள்ள அழுத்தத்தை மட்டும் கவனிக்கும்.

ஓர் உதாரணம். பம்பு 25 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, 40 பிஎஸ்ஐ அளவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. படகுப் பம்புகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இது. 14.5 பிஎஸ்ஐ என்பது 1 பார். ஆக, 40 பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 2.8 பார்.

நீங்கள் குழாயைத் திறக்கிறீர்கள். அழுத்தம் 25க்கு இறங்குகிறது. சுவிட்ச் மின்சாரத்தை இணைக்கிறது, பம்பு ஓடுகிறது. குழாயை மூடுகிறீர்கள். தண்ணீர் போக வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. 40ஐத் தொட்டதும் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பம்பு நிற்கிறது. அவ்வளவுதான் கதை.

நண்பர் சொன்ன திருகாணி அந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது. எந்த அழுத்தத்தில் பம்பு நிற்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. பம்பின் பலத்தைக் கூட்டும் வேலை அதற்கு இல்லை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் காதைத் தீட்டுங்கள்

ஷவரை முழுதாகத் திறந்துவிட்டுப் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள்.

பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தண்ணீர் குறைவாக வருகிறது என்றால், அழுத்தம் 40ஐத் தொடவே இல்லை என்று அர்த்தம். அதைத் தொட்டிருந்தால்தான் நின்றிருக்குமே! இந்த நிலையில் 40ஐ 50 ஆக்கினால் என்ன பயன்? ஒன்றுமில்லை. 40ஐயே எட்டாத பம்பு 50ஐ எங்கே எட்டப்போகிறது? கோளாறு பெரும்பாலும் பம்பிலோ பம்புக்கு முன்னாலோ இருக்கிறது. வழியில் எங்காவது தண்ணீர் கசிந்து போனாலும் இதே அறிகுறிதான்.

பம்பு 'டுர்... டுர்... டுர்...' என்று நொடிக்கொரு முறை நின்று நின்று ஓடுகிறது, ஷவரும் கூடிக் குறைந்து வருகிறது என்றால், பம்பு நன்றாகத் தள்ளுகிறது, தண்ணீருக்குத்தான் போக வழி போதவில்லை. கோளாறு பெரும்பாலும் பம்புக்கும் ஷவருக்கும் நடுவில். அடைப்பு ஏதும் இல்லாவிட்டால், சுவிட்ச் அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். திருகாணிக்கு வேலை வருவது இங்கேதான்.

பம்பு சத்தமே போடவில்லை என்றால் ஃபியூஸ், மின்இணைப்பு, சுவிட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம். புதிய படகுகள் சிலவற்றில் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் பம்புகள் இருக்கின்றன. உள்ளுக்குள்ளேயே தண்ணீரைச் சுற்றவிடும் 'பைபாஸ்' வகையும் உண்டு. அவை இடைவிடாமல் ஓடுவது இயல்பு. உங்கள் பம்பு எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடைப்பைத் தேடும் வரிசை

பம்பைத் திறப்பதற்கு முன்னால், செலவே இல்லாத சில சோதனைகள் இருக்கின்றன.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். அளவு காட்டும் மீட்டர் பொய் சொல்வது படகில் சாதாரணம். தொட்டி காலியாகும்போது பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். குழாய் 'புஸ்... புஸ்' என்று துப்பும்.

குழாய் முனையில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். மணல்துகளும் சுண்ணாம்புப் படிவும் அங்கேதான் சேரும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். நன்றாக வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். சுண்ணாம்புப் படிவை வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும். பெரும்பாலும் அதன் மூடி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். உள்ளே குப்பை தெரிந்தால், பம்பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழுவிப் போடுங்கள். மூடியைச் சரியாக மூடாவிட்டால் அந்த வழியாகக் காற்று நுழையும், கவனம்.

குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா? படகில் சாமான்களைத் திணிக்கும்போது பெட்டிக்குப் பின்னால் குழாய் நசுங்குவது அடிக்கடி நடப்பதுதான். பாதி மூடிய வால்வையும் கவனியுங்கள்.

கடைசியாகப் பேட்டரி. பேட்டரி இறங்கியிருந்தாலோ, உப்புக் காற்றில் மின்இணைப்பு பச்சை பூத்திருந்தாலோ, பம்புக்கு 12 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. பம்பு சோம்பலாகச் சுற்றும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனையிலேயே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரு வாளியும் கைபேசியும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 நிமிடத்தில் எத்தனை லிட்டர் நிரம்புகிறது என்று அளந்து பாருங்கள். "இப்ப கொஞ்சம் பரவாயில்ல போல" என்று ஊகிப்பதைவிட எண்ணை நம்புவது நல்லது.

அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

எல்லாம் பார்த்தாகிவிட்டது, திருப்பத்தான் வேண்டும் என்கிறீர்களா? விலையைத் தெரிந்துகொண்டு திருப்புங்கள்.

முதல் விலை, எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைக்காது. ஒரு துவாரத்தின் வழியே பாயும் தண்ணீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். உயர்நிலைப்பள்ளிக் கணிதம்தான். அழுத்தத்தை 40இலிருந்து 60ஆக, அதாவது ஒன்றரை மடங்காக ஏற்றினாலும் தண்ணீர் சுமார் 22 விழுக்காடுதான் கூடும். அதோடு, டயஃப்ரம் பம்பு அழுத்தம் ஏற ஏறக் குறைவான தண்ணீரையே தள்ளும், மின்சாரத்தை அதிகமாக இழுக்கும்.

இரண்டாவது விலை தண்ணீர். சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் பயன்படுத்துகிறார். அதே பழக்கத்தோடு நாலு பேர் படகில் ஏறினால் ஒரு நாளைக்கு 560 லிட்டர் வேண்டும். 300 லிட்டர் தொட்டி என்ன ஆகும்? இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே காலி. லாசரஸ் தீவிலிருந்து திரும்ப அதிக நேரம் ஆகாது. தியோமான் வரை போகும் பயணம் என்றால்? அந்தத் தொட்டியில் இருப்பது குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சமைக்கவும் உள்ள தண்ணீர். ஷவர் நிமிடத்துக்கு 7 லிட்டர் கொட்டினால் 5 நிமிடக் குளியலுக்கு 35 லிட்டர். 4 லிட்டர் என்றால் 20 லிட்டர்தான். அனுபவமுள்ள படகுக்காரர்கள் சிலர் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வைப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது விலை மிகப் பெரியது. படகில் குழாய்கள் பலகைகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஓடுகின்றன. அலையில் படகு குலுங்கக் குலுங்க இணைப்புகள் தளரும். அழுத்தம் கூடும்போது முதலில் விட்டுக்கொடுப்பது ஏற்கெனவே தளர்ந்த இணைப்புதான். அது நழுவினால் அழுத்தம் இறங்கும். சுவிட்ச் என்ன நினைக்கும்? "யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள்" என்று நினைத்துப் பம்பை ஓடவிடும். தொட்டி காலியாகும்வரை ஓடும். காலியான பிறகும் ஓடும், பேட்டரி தீரும்வரை. நீங்கள் மேல்தளத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

சரி, எப்படித் திருப்புவது?

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். பம்பு, குழாய் இணைப்புகள், சுடுநீர்த் தொட்டி ஆகிய மூன்றுக்கும் உற்பத்தியாளர் உச்ச அழுத்தம் குறித்திருப்பார். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அதற்குக் கீழேயே நிற்க வேண்டும்.

அடுத்து, குழாயில் அழுத்தமானி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொருத்துங்கள், விலை அதிகமில்லை. அது இல்லாமல் திருகாணியைத் திருப்புவது, வேகமானி இல்லாமல் விரைவுச்சாலையில் கார் ஓட்டுவதுபோலத்தான்.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பம்பு எந்த அளவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குழாயை மெதுவாகத் திறந்து, எந்த அளவில் தொடங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணி இப்போது எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். சொதப்பினால் பழைய இடத்துக்குத் திரும்ப அது உதவும்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். பெரும்பாலான பம்புகளில் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் அழுத்தம் கூடும், எதிர்த்திசையில் குறையும். உங்கள் பம்பின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். அதற்கு மேல் வேண்டாம்.

மின்சாரத்தைக் கொடுத்து, குழாயைத் திறந்து மூடிச் சோதியுங்கள். மூடிய சில நொடிகளில் பம்பு நிற்க வேண்டும். நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தால், பம்பால் எட்ட முடியாத அளவை நீங்கள் வைத்துவிட்டீர்கள். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் திருப்புங்கள். அப்படியே விட்டால் பம்பு சூடேறிப் பழுதாகும்.

கடைசியில், தெரிகிற இணைப்புகள் எல்லாவற்றையும் காய்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். தாள் நனைந்தால் கசிவு.

சுடுநீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கினால், அதை அடைக்கவே கூடாது. சூடாகும் தண்ணீர் விரியும். அந்தக் கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றத்தான் அது இருக்கிறது. சொட்டல் நிற்காவிட்டால் பம்பின் அழுத்தத்தைக் குறையுங்கள், வால்வைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பம்பு நொடிக்கொரு முறை நின்று ஓடுவது மட்டும்தான் பிரச்சினையா?

அப்படியானால் அழுத்தத்தைத் தொடாமலே அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. 'அக்யூமுலேட்டர்' என்ற சிறிய தொட்டியைப் பம்புக்குப் பின்னால் பொருத்துவார்கள். அதன் உள்ளே ஒரு ரப்பர்ப் பை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. பம்பு தள்ளும் தண்ணீரில் கொஞ்சம் உள்ளே போய்க் காற்றை அழுத்தும். நீங்கள் கைகழுவக் குழாயைச் சற்றே திறந்தால், அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொடுக்கும். பம்பு ஓட வேண்டிய அவசியமே இருக்காது. நள்ளிரவில் ஒருவர் குழாயைத் திறந்தால் படகே விழித்துக்கொள்ளும் தொல்லையும் குறையும்.

ஏற்கெனவே பொருத்தியிருந்தும் பம்பு படபடக்கிறதா? உள்ளே காற்று குறைந்திருக்கலாம். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீர் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். பிறகு காற்றழுத்தத்தை அளந்து, பம்பு தொடங்கும் அளவைவிட 2, 3 பிஎஸ்ஐ குறைவாக இருக்கும்படி நிரப்புங்கள். பல தொட்டிகளில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான் இருக்கும். சைக்கிள் பம்பு போதும்.

இரவில் கேட்கும் 'டக்'

எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றன. எல்லாரும் படுத்தாயிற்று. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பம்பு 'டக்' என்று ஒரு நொடி ஓடி நிற்கிறது. "பேயா இருக்குமோ?" என்று யோசிக்க வேண்டாம். குழாயில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று பம்பு சொல்கிறது. சரியாக மூடாத குழாயாக இருக்கலாம், தேய்ந்துபோன பம்பு வால்வாக இருக்கலாம், பலகைக்குப் பின்னால் ஒரு கசிவாகவும் இருக்கலாம். அன்றிரவுக்குப் பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் தேடலாம்.

படகு துறையில் கட்டியிருக்கும்போது இது இன்னும் முக்கியம். செந்தோசா கோவ், தூவாஸ், போர்ட் டிக்சன், லங்காவி போன்ற இடங்களில் உள்ள படகுத்துறைகளில், கரையிலிருந்து தண்ணீர்க் குழாயை நேரடியாகப் படகில் இணைக்கும் வழக்கம் உண்டு. வசதிதான். பம்பே தேவையில்லை. ஆனால் கரைத் தண்ணீரின் அழுத்தம் படகுக் குழாய்கள் தாங்கும் அளவைவிட அதிகமாக இருக்கலாம். நடுவில் அழுத்தக் குறைப்பான் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. படகுத் தொட்டியில் கசிவு என்றால் 300 லிட்டரோடு முடிந்துவிடும். கரைக் குழாய்க்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. ஆளில்லாத படகில் ஓர் இணைப்பு நழுவினால், தண்ணீர் இரவு முழுவதும் உள்ளே கொட்டும். துறையில் பத்திரமாகக் கட்டியிருந்த படகுகள் இப்படி மூழ்கியதுண்டு. கடல் தண்ணீரால் அல்ல, குழாய்த் தண்ணீரால்.

அதனால் படகை விட்டு இறங்கும்போது இரண்டே வேலை. கரைக் குழாயை மூடுங்கள். பம்பின் சுவிட்சை அணையுங்கள்.

வாடகைப் படகா?

அப்படியென்றால் திருகாணி உங்கள் வேலையே இல்லை. "கேப்டன், பம்பு விடாம ஓடுது, ஆனா தண்ணி வரல" என்றோ, "பம்பு விட்டுவிட்டு ஓடுது" என்றோ சொல்லுங்கள். "தண்ணி வரல" என்று மட்டும் சொல்வதைவிட, கூட ஒரு வார்த்தை சத்தத்தைப் பற்றியும் சொன்னால் அவர் எங்கே தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

வீடியோ பார்த்த நண்பர் கையில் ஆலன் கீயோடு வந்தால், முதலில் ஷவர் தலையைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும்.